பத்து வருடம் பேசாதவரிடம் வேலை விஷயம் பேசலாமா?

கேள்வி: பட்டம் வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தரவுப் பகுப்பாய்வுக்கு மாற ஆசை. அதற்காகப் படித்தும் வருகிறேன். என்னோடு படித்தவர்கள் நாலைந்து பேர் அந்தத் துறையில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் திருமணம், குழந்தை என்று ஆனதில் யாரோடும் தொடர்பு இல்லை. ‘இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவள் காரியம் என்றதும் வருகிறாள்’ என்று நினைப்பார்களோ என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எப்படித் தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தயக்கத்தில் பாதி தேவையற்றது, மீதி நியாயமானது. பெக்கி லியு என்ற ஆய்வாளரின் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நெடுநாள் பேசாதவருக்கு நலம் விசாரித்து எழுதுகிறவர்கள், அது பெறுபவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். செய்தி எதிர்பாராததாக இருக்க இருக்க மகிழ்ச்சியும் கூடுகிறது. ஆனால் அவை எதையும் கேட்காத செய்திகள். நலம் விசாரிப்பதுபோல் ஆரம்பித்து மூன்றாம் நாள் ரெஸ்யூமே அனுப்பினால், முதலில் விசாரித்த நலமும் பொய்யாகிவிடும். உதவி கேட்பதால் யாருக்கும் கசப்பு வருவதில்லை. நோக்கத்தை மறைத்தால்தான் வருகிறது. எனவே முதல் செய்தியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

தூரத்துப் பழக்கம்தான் உங்களுக்கு அதிகம் உதவும் என்பதையும் மனதில் வையுங்கள். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைப் பற்றி மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதினார். அவர்களில் அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோ சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் ஏறக்குறைய 28 சதவீதம். மற்றவர்கள் எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றார்கள். காரணம் எளிது: தினமும் பார்க்கிறவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். பிரிந்துபோனவர் வேறு உலகத்தில் இருக்கிறார்.

முதலில் பட்டியல். வகுப்புத் தோழர்களோடு நிறுத்தாதீர்கள். விடுதி அறைத்தோழி, புராஜெக்ட் குழு, சீனியர், ஜூனியர் என்று 30 பெயர்கள் எழுதுங்கள். ஜூனியர்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவர் இன்று ஆள் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கலாம். லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். எங்கே வேலை, என்ன துறை என்று அங்கே வடிகட்டிப் பார்க்கலாம். முப்பதில் ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். எழுதுவதற்கு முன் அவர் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலை போய் மனம் நொந்திருப்பவரிடம் அவருடைய பழைய பதவியைப் பாராட்டி எழுதினால் தர்மசங்கடம்.

வாரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் எழுத வேண்டாம். ஒரே வாசகத்தை ஆறு பேருக்கு அனுப்பினால், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அது தெரிந்துவிடும். பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகக் கேட்பதும் பலிக்காது. இருநூறு பேரிடம் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பதில் சொல்வார் என்று விட்டுவிடுவார்கள். தனியாக, இப்படி எழுதுங்கள்:

“வணக்கம். நான் உன்னோடு படித்த இன்னார். கடைசி வருட புராஜெக்ட்டில் நாம் ஒரே குழு. நீ இப்போது தரவுப் பகுப்பாய்வில் இருப்பதைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். நான் தரக்கட்டுப்பாட்டிலிருந்து அந்தப் பக்கம் மாற முயற்சி செய்கிறேன். அங்கே ஆளெடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள் என்று உன்னிடம் கேட்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் உனக்கு வசதியான ஒரு நாள் 15 நிமிடம் பேச முடியுமா? இப்போது நேரமில்லை என்றால் பரவாயில்லை, தயங்காமல் சொல்.”

நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள், அவர் எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பது இதில் தெளிவாக இருக்கிறது. மறுக்கவும் அவருக்கு வழி இருக்கிறது. ‘ஹாய், ஞாபகம் இருக்கா?’ என்ற ஒற்றை வரியில் இவை எதுவும் இல்லை. என்ன கேட்கப்போகிறாரோ என்று யோசித்து அப்படியே விட்டுவிடுவார்கள். கல்லூரியில் ‘நீ, வா, போ’ என்று பேசியவரைப் பதவி பார்த்து இப்போது ‘சார்’ ஆக்காதீர்கள். அண்ணா, அக்கா என்று அழைத்த சீனியரையும் அப்படியே அழையுங்கள். முதல் செய்தியோடு ரெஸ்யூமே வேண்டாம்.

பேச்சு கிடைத்ததும் 15 நிமிடம் என்றால் 15 நிமிடம்தான். நேரம் முடியும்போது ‘நீ சொன்ன நேரம் ஆகிவிட்டது’ என்று நீங்களே சொல்லுங்கள். அவர் தொடர விரும்பினால் தொடரட்டும். முதலில் அவர் கதையைக் கேளுங்கள். பிறகு மூன்று கேள்விகள் போதும்: என்னைப்போல் வேறு துறையிலிருந்து வருகிறவர் எங்கே தடுக்கி விழுகிறார்? என் அனுபவத்தில் எது அங்கே செல்லுபடியாகும்? நான் இன்னும் யாரிடம் பேசலாம்? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கான வாய்ப்பு பெரும்பாலும் அவரிடம் இருக்காது, அவருக்குத் தெரிந்த இன்னொருவரிடம் இருக்கும். சம்பளத்தை மட்டும் முதல் பேச்சில் கேட்காதீர்கள். ‘வேலை வாங்கித் தர முடியுமா?’ என்றும் கேட்காதீர்கள். தகவல் கேட்பதாகச் சொல்லித்தான் அவருடைய நேரத்தை வாங்கினீர்கள்.

பின்னால் அவர் நிறுவனத்திலேயே பொருத்தமான இடம் திறந்தால் அப்போது ரெஃபரல் கேட்கலாம். இங்கே பலரும் சறுக்குவது வரிசையில்தான். பல நிறுவனங்களில், நீங்களே இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகு ஊழியர் பரிந்துரைத்தால் அது கணக்கில் ஏறாது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். வேலையின் அடையாள எண், ரெஸ்யூமே, நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று நாலு வரி ஆகியவற்றை ஒரே மெயிலில் அனுப்புங்கள். அவர் வெட்டி ஒட்டினால் போதும் என்ற அளவுக்குத் தயாராக இருக்கட்டும். ‘என்னோடு வேலை பார்த்ததில்லையே என்று தோன்றினால் வேண்டாம்’ என்றும் சேர்த்துவிடுங்கள். பரிந்துரைப்பவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார்.

பழைய பேராசிரியருக்கு எழுதுவதானால் பெயர் மட்டும் போதாது. எந்த ஆண்டு, எந்தப் பாடம், புராஜெக்ட் தலைப்பு என்ன என்று குறிப்பிடுங்கள். முகத்தைவிட அதுதான் அவருக்கு நினைவு வரும். பரிந்துரைக் கடிதம் தேவையென்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள்.

புதுப்பித்த உறவு மறுபடி அறுந்துபோவது பேச்சுக்குப் பிறகுதான், இதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அன்றோ மறுநாளோ நன்றி சொல்லுங்கள். மூன்று வாரத்துக்குள் அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். பலன் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அவர் அறிமுகப்படுத்திய ஆளிடம் பேசினீர்களா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போனால், அடுத்த அறிமுகத்துக்கு அவருக்கு மனம் வராது. பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: அவர் துறைக்குப் பயன்படும் ஒரு தகவலோ, பதவி உயர்வுக்கு ஒரு வாழ்த்தோ அனுப்பலாம். ஃபார்வர்டு செய்த காலை வணக்கங்களைத் தொடர்பு என்று எண்ணாதீர்கள். யாரிடம் எப்போது என்ன பேசினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் அவர் குழந்தையின் பெயரைக்கூட மறக்க மாட்டீர்கள்.

சண்டையில் பிரிந்தவர் பட்டியலில் இருந்தால் அவரிடம் வேலைப் பேச்சு வேண்டாம். மனம் இருந்தால் அந்தச் சண்டைக்காக மட்டும் எழுதுங்கள். மற்றவர்களில் யாராவது பத்து நாளாகியும் பதில் போடாவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்கும் பதில் இல்லையென்றால் காரணம் தேடி மனதைக் குழப்பிக்கொள்ளாமல் பட்டியலில் அடுத்த பெயருக்கு எழுதுங்கள்.