தோலில் ஓடும் இரத்தத்தை ஒளியால் துல்லியமாக அளக்க முடியுமா? நாடித்துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் பச்சை ஒளியையும், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் பயன்படுத்துவது ஏன்?

இரத்த ஓட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை ஒளியால் நம்பகமாகக் காண முடியும்; ஆனால் ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லிலிட்டர் என்று தோலின் மேலிருந்தே சொல்லிவிட முடியாது. உடல் திசுக்களில் ஒளி எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் திசு ஒளியியலில் பணியாற்றுபவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

நிறத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால் அந்த ஒளி ஆழம் செல்லாமல், மேலடுக்கு நுண்குழல்களின் துடிப்பைத் தெளிவாகச் சுமந்து திரும்புகிறது. ஆக்சிமீட்டரில் ஒளி விரலைக் கடந்து மறுபுறம் வர வேண்டும்; அதற்குச் சிவப்பும் அகச்சிவப்பும்தான் உதவும். 660 நானோமீட்டரில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூடுதலாக உறிஞ்சுகிறது. 940 நானோமீட்டரில் நிலைமை தலைகீழாகிறது. இவ்விரு ஒளிகளிலும் தெரியும் துடிப்புகளின் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் செறிவை அறியும் வழியை ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்.

கடினமான பகுதி, திரும்பி வரும் ஒளி எங்கெங்கு சென்று வந்தது என்பதுதான். இரத்தக்குழாயே இல்லாத, தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிறைந்த மெல்லிய மேல்தோலைக் கடந்து, குழல்கள் பரவிய உள்தோலுக்குள் புகும் ஒளி, அங்குள்ள கொலாஜன் என்ற புரத இழைகளில் பலமுறை சிதறித் திசை மாறுகிறது. இதைக் கணக்கிட மான்டி கார்லோ முறையைக் கையாள்கிறோம்: ஒளித்துகள் ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் செல்லும், எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்பதைத் தற்செயல் எண்களால் தீர்மானித்து, இலட்சக்கணக்கான பாதைகளைக் கூட்டிப் பார்க்கிறோம். லிஹாங் வாங், ஸ்டீவன் ஜாக்குவஸ், லிச்சியோங் ஜெங் ஆகியோர் 1995-இல் விவரித்த பல அடுக்குத் திசுவுக்கான கணினி நிரல் இன்றும் பலருக்குத் தொடக்கப்புள்ளி. ஆனால் மேல்தோலின் தடிமனையும் மெலனின் அளவையும் தவறாக உள்ளிட்டால், எத்தனை கோடி ஒளித்துகள்களை ஓட்டினாலும் விடை தவறாகவே வரும்.

லேசர் டாப்ளர் முறையாலும் இரத்த ஓட்டத்தை மில்லிலிட்டர் கணக்கில் சொல்ல முடியாது. நகரும் சிவப்பணுக்களில் பட்ட ஒளியின் அதிர்வெண் சற்றே மாறுவதை வைத்துத் தோலின் இரத்த ஓட்டத்தை அறியலாம் என்று மைக்கேல் ஸ்டெர்ன் 1975-இல் காட்டினார். அக்கருவி தருவது அணுக்களின் எண்ணிக்கையும் வேகமும் கலந்த ஓர் ஒப்பீட்டு அலகு மட்டுமே. கையை இறுக்கிக் கட்டி, பின் தளர்த்தியதும் அதே இடத்தில் ஓட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று பார்ப்பது பொருளுள்ள அளவீடு. இரண்டு பேரின் எண்களை நேரடியாக ஒப்பிடுவது அப்படியன்று.

மெலனினைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் காட்டிய வேளைகளில், தமனி இரத்தத்தில் உண்மையான செறிவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலை வெள்ளை இன நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. துடிக்கும் பகுதியின் விகிதத்தை எடுத்தால் தோலின் நிறம் தானே விலகிவிடும் என்ற எண்ணம் நடைமுறையில் முழுமையாகப் பொருந்தவில்லை. நம்மில் பெரும்பாலோர் மாநிறத்தவர் அல்லது கருநிறத்தவர் என்பதால், கருவியின் எண்களை உண்மை அளவோடு பொருத்திச் சரிசெய்யும் அளவுத்திருத்தத்தில் எத்தகைய தோலுடையவர்கள் இடம்பெற்றார்கள் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஆகவே ஒரே விரலில், கை குளிர்ந்திராதபோது, அசையாமல் இருந்து எடுத்த எண்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தும் கருவி நல்ல எண்ணைக் காட்டினால் மருத்துவரிடம் சென்று தமனி இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.