சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பிணை, விளக்கமறியல் போன்ற சொற்களை எப்படித் தெளிவாகப் புரிந்துகொள்வது?

சொற்பட்டியலை வைத்து மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் கொழும்பில் படித்து, இப்போது புதுக்கடை நீதிமன்றங்களில் கனிஷ்ட சட்டத்தரணியாக இருக்கிறேன். ஒரு சொல் வழக்கின் எந்தக் கட்டத்தில் வருகிறது, அந்த அதிகாரம் யார் கையில் என்று பாருங்கள். வரைவிலக்கணம் தானாக மனதில் நிற்கும்.

நீங்கள் கேட்ட சொற்களையே எடுப்போம். பிடியாணை இல்லாமல் கைதானவரை, சாதாரண சட்டத்தின்படி, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விசாரணையில் தெரியவந்ததை நீதவானுக்குச் சொல்லும் 'பி' அறிக்கையைப் பொலிஸ் தாக்கல் செய்யும். இந்தக் கட்டத்தில் அவர் வெறும் சந்தேகநபர். நீதவான் பிணையில், அதாவது அழைக்கும்போது நீதிமன்றத்துக்கு வருவதாக உறுதி வாங்கிக்கொண்டு, விடலாம். இல்லையென்றால் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடிவாகும் முன்னரான சிறைக் காவலில், வைக்கலாம். விளக்கமறியல் தண்டனை கிடையாது. பத்திரிகை வாசிக்கிற பலர் அதைத் தண்டனை என்றுதான் நினைக்கிறார்கள். எதுவும் நிரூபிக்கப்படாத ஒருவரின் வீட்டார் ஊர்ப் பேச்சைச் சுமக்க வேண்டியிருக்கிறது. சட்டம் படிக்கிறவராவது இதைச் சரியாகச் சொல்ல வேண்டும். குற்றச்சாட்டு சுமத்தப்பட்ட பிறகுதான் அவர் 'எதிரி', அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், ஆகிறார். பாரதூரமான குற்றமென்றால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார்.

அப்புறம் 'பிணை வழங்க முடியாத குற்றம்'. இதைக் கேட்டதும் பிணையே கிடைக்காது என்று தோன்றும். உண்மையில், பிணை வழங்கக்கூடிய குற்றத்தில் பிணை சந்தேகநபரின் உரிமை. மற்றதில் அது நீதிமன்றத்தின் தற்றுணிபு, அதாவது கொடுப்பதா மறுப்பதா என்று நீதிமன்றமே தீர்மானிக்கும், அவ்வளவுதான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 2ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆள் தலைமறைவாகலாம், சாட்சிகளில் தலையிடலாம் போன்ற மறுப்புக் காரணங்கள் 14ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவருக்கு இந்தப் பிணைச் சட்டம் பொருந்தாது. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எந்தச் சொல்லையும் அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் விளங்கிக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டுப் புத்தகங்களையும் காணொளிகளையும் பார்ப்பீர்கள், நல்லது. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்து நீதிமன்றம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இங்கே இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் நாட்டின் அதியுயர் நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அங்கேதான், ஒரு மாதத்துக்குள், தாக்கல் செய்ய வேண்டும்.

சட்டங்களின் தமிழ்ப் பிரதிகள் பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கின்றன. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்படுகின்றன, ஆங்கிலம்தான் மொழிபெயர்ப்பு. எனவே தமிழ்ப் பிரதியைத் தயங்காமல் முதலில் வாசியுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் 'பொருள்கோடல்' பிரிவு இருக்கும், சொற்களுக்கு அந்தச் சட்டம் தரும் பொருள் அங்கே கிடைக்கும். அதன் பக்கத்திலேயே, இரு மொழிப் பிரதிகளுக்கும் இடையே முரண் வந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்ற வாசகத்தையும் வழக்கமாகக் காண்பீர்கள். அதனால் முக்கியமான பிரிவுகளைச் சிங்களத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.