வாசகர் கேள்வி: போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜூலையில் சிங்கப்பூர் சென்று, ஆகஸ்டு இறுதியில் திரும்ப இருக்கிறேன். சென்னையில் இரவு 11.15 மணிக்குப் புறப்படும் விமானம் காலை 6.05 மணிக்கு அங்கே சேரும் என்றும், திரும்பும் விமானம் இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.35 மணிக்கே சென்னை வந்துவிடும் என்றும் டிக்கெட்டில் உள்ளது. ஒரே தூரத்துக்கு எப்படி இத்தனை வேறுபாடு? அச்சுப்பிழையா?

– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பிழை எதுவும் இல்லை. புறப்படும் நேரத்தை அந்த ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரத்தைச் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் குறிப்பதே விமான டிக்கெட்டின் வழக்கம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது டிக்கெட்டில் தெரியும் 6 மணி 50 நிமிடத்திலிருந்து அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம். வரும்போது தெரியும் 1 மணி 35 நிமிடத்தோடு கூட்டினால் 4 மணி 5 நிமிடம். (1981 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது, மலேசியா தன் நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது.)

இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். வங்கக் கடலைத் தாண்டிச் செல்லும் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டிய பயணம்தானே என்று தோன்றும். ஆனால் டிக்கெட்டில் உள்ளது பறக்கும் நேரம் மட்டுமன்று. வாயிலிலிருந்து வண்டி பின்னே தள்ளிவிட்ட விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, மேலேறி, பின் வேகம் குறைத்து இறங்கி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் தனக்குரிய வாயிலில் வந்து நிற்கும் வரையிலான நேரம் முழுவதும் அதில் அடக்கம்.

போவதற்கும் வருவதற்கும் இடையே மிஞ்சும் 15 நிமிட வித்தியாசம்தான் சுவையானது. தென்மேற்குப் பருவக்காற்று தரையை ஒட்டி மேற்கிலிருந்து வீசும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து பாய்கிறது. ‘வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று’ எனப்படும் இதை 1950களில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், ஜெட் விமானப் பாதைக்குச் சற்று மேலே, இது மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. விமானம் பறக்கும் உயரத்திலும் இதன் வீச்சு உணரப்படும். ஆகவே ஜூலையில் நீங்கள் கிழக்கே போகையில் எதிர்காற்றாக இருப்பது, ஆகஸ்டில் சென்னை திரும்புகையில் பின்காற்றாகி விமானத்தைத் தள்ளிக்கொடுக்கும்.

போகும் டிக்கெட்டில் சேரும் நேரத்தின் அருகே ‘+1’ என்ற சிறு குறி இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் தேதி என்பது அதன் பொருள். விமான நிலையத்துக்கு அழைக்க வரும் மாப்பிள்ளையிடம் புறப்படும் தேதியைச் சொல்லாமல் அந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள்.