அடுத்த படம் எப்போது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுச்சேரியில் நடந்த ஒரு ஷூட்டிங்கில் என் மகளுக்குச் சின்ன வேஷம் கிடைத்தது. படம் வந்தபோது தெருவே கொண்டாடியது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது ஆறாவது படிக்கிறாள். பார்ப்பவர்களெல்லாம் "அடுத்த படம் எப்போ பாப்பா?" என்று கேட்க, அவள் முகம் வாடிப்போகிறது. சென்னைக்குக் குடிபோய் முயற்சி செய்யலாமா என்கிறார் வீட்டுக்காரர்.

க., கடலூர் முதுநகர்

அன்புள்ள க.,

போகாதீர்கள். வீடு, பள்ளிக்கூடம், தோழிகள் எல்லாவற்றையும் விட்டுப் போய், அங்கேயும் வாய்ப்பு வராவிட்டால் அந்தப் பாரம் முழுக்கக் குழந்தை தலையில்தான் விழும்.

அந்தக் காலத்துக் குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1937-இல் 'பாலயோகினி' வந்தபோது அவர் சின்னஞ்சிறுமி. படத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் தங்கள் பெண்ணுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். 1939-இல் 'தியாகபூமி'. அதில் அவர் சாரு. சொந்தப் பேத்தி என்று தெரியாமலே அவளை எடுத்து வளர்க்கும் சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன். 1941-இல் 'காமதேனு'. அத்தோடு சரி. அதற்குப் பிறகு 2019 வரை வாழ்ந்தார். மூன்றே படத்தோடு நின்றதால் அவர் தோற்றுப்போனார் என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் மகளிடம் ஒன்றை நேராகச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்காக எழுதிய வேஷத்துக்குப் பதினொரு வயதுப் பெண் பொருந்தமாட்டாள். பல் விழுந்து முளைக்கும், உயரம் கூடும், குரல் மாறும். கூப்பிடாததற்குப் பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். 'நாம சரியா நடிக்கலையோ' என்று அந்தக் குழந்தை தனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தால்? அதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்று, பணம். 2017-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தை பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போடவேண்டும். அந்த ரசீது உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். ஷூட்டிங் நடந்தது புதுச்சேரி என்பதால் அங்குள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். அது அவள் உழைத்த காசு.

நடிப்பு அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் சேர்த்துவிடுங்கள். வளர்ந்த பிறகும் ஆசை இருந்தால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே நாடகம் படிக்கலாம். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.