கூட்டுப் பிரார்த்தனையில் மனம் ஒட்டவில்லை – பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பதிகங்களைப் பாடுகிறேன், ஆனால் என் சொந்த வேண்டுதல் அதில் சேரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான்; பொருள் தெரியாமலே பல வருடம் பாடினேன்.

பதிகம் முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு வரிக்கு மட்டும் அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் பொருள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வரி வரும்போது உங்கள் ஏக்கத்தை அதற்குள் வையுங்கள். மற்ற வரிகளைக் கூட்டம் பாடிக்கொள்ளும். தைப்பூசக் காவடியைப் பாருங்கள், ஊரே சேர்ந்து நடந்தாலும் நேர்த்திக்கடன் அவரவருடையது. என்ன வேண்டினாய் என்று யாரும் கேட்பதில்லை.

வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டு வேண்டச் சொன்னால், "மனசுக்குள் சொல்லிக்கிறேன் அண்ணே" என்றால் போதும். அப்புறம், தமிழ் வரவில்லையே என்று தயங்காதீர்கள். முருகனுக்கு ஆங்கிலமும் தெரியும்.