பி.இ. சேரும் தம்பி 70 ஆயிரத்துக்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான். படிப்புக்கு நிஜமாகவே அது வேண்டுமா?

வேண்டாம்.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் "கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவே முடியாதாம், சீனியர்கள் எல்லாரும் சொல்கிறார்களாம்" என்று கேள்வியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அது கொஞ்சம் குத்திவிட்டது. (கிராஃபிக்ஸ் கார்டு என்பது திரையில் படங்களை வேகமாக வரைகிற தனிச் சில்லு.) 2015-ல் இதே வரியை எங்கள் அப்பாவிடம் நான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒரு சீனியரைக்கூடத் தெரியாது. கல்லூரி திறக்கவே இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நீங்கள் அக்காதான் என்று நினைக்கிறேன். அண்ணனாக இருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள், "போடா" என்று சொல்லி முடித்திருப்பீர்கள்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.) "படிப்புக்குத்தானய்யா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "ஆமாப்பா, இது இல்லாம ப்ராஜெக்டே பண்ண முடியாது" என்றேன். மறுநாள் சாயங்காலம் அம்மா கையில் வளையல் இல்லை. நாலு பவுனுக்கு பேங்கில் ஐம்பதாயிரம் கொடுத்தார்கள். மீதிக்குச் சீட்டுப் பணம். 62 ஆயிரத்துக்கு வந்து இறங்கியது வண்டி. இன்டெல் ஐ7 பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை) ஸ்டிக்கர், 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு.

அந்த ஐ7-ன் முழுப்பெயர் 5500யூ. யூ என்று முடிந்தால் கரண்ட் குறைவாகக் குடிக்கிற ரகம், அந்தத் தலைமுறையில் அதற்கு இரண்டே கோர் (கணக்குப் போடுகிற மூளைப் பகுதி). இதெல்லாம் பின்னால் தெரிந்தது. கடையில் நான் பார்த்தது 7 என்ற எண்ணையும் சிவப்பு விளக்கையும்தான். ஹார்டு டிஸ்க் 1 டிபி, பழைய சுழலும் வகை. காலையில் ஆன் பண்ணிவிட்டுப் பல் தேய்த்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

முதல் வருஷம் லேபில் சி மொழி. எதில் என்கிறீர்கள்? டர்போ சி. 1990களின் தொடக்கத்தில் வந்த அந்த நீலத்திரை சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்று ஒன்றைப் போட்டு, லேப்டாப்பைப் பழைய டாஸ் கம்ப்யூட்டராக நடிக்கவைக்க வேண்டும். வளையலை அடகு வைத்து வாங்கிய மெஷின் தினமும் ராத்திரி அந்தக் காலத்துக் கம்ப்யூட்டராக வேஷம் கட்டியது.

அப்போது வீட்டில் அக்காவிடம் ஒரு லேப்டாப் இருந்தது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், 2012-ல் அவள் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. மூடியில் முதல்வர் ஜெயலலிதா படம். 2 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படுகிற தற்காலிக நினைவகம்). விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்). ஸ்டார்ட்டர் என்பது வால்பேப்பரைக்கூட மாற்ற விடாத விண்டோஸ். "ரேஷன் லேப்டாப்" என்று அக்காவை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பொங்கல் லீவில் வீட்டுக்குப் போனபோது சும்மா அதில் டர்போ சி போட்டுப் பார்த்தேன். 32 பிட் என்பதால் டாஸ்பாக்ஸ் எதுவும் கேட்காமல் நேராக ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை.

விளையாடினேனா என்றால், நன்றாக விளையாடினேன். அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. பதினெட்டு வயதில் விளையாடாமல் எப்போது விளையாடுவது? அப்பா போன் பண்ணினால் மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். (கேமிங் லேப்டாப்பில் படித்து இன்று பெரிய கம்பெனியில் இருக்கிறேன் என்று எழுத வருகிறவர்களுக்கு: நல்லா இருங்கள். நான் உங்களைச் சொல்லவில்லை.)

நாலாம் வருஷம் ஹிஞ்ச் போனது. லேப்டாப் வாங்கும்போது ஒருத்தரும் பார்க்காத உறுப்பு இது. மூடியையும் உடம்பையும் இணைக்கிற இரும்புத் தகடு. அதைப் பிடித்து வைத்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த கடுகளவு பித்தளை மரைகள். நாள்பட ஹிஞ்ச் இறுகும். இறுகினால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த மரைகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கும். எனக்கு வேறு வலது மூலையை ஒரு கையால் பிடித்துத் தூக்கித் திறக்கிற பழக்கம். ஒருநாள் டக் என்றது. திரையோரம் வாயைப் பிளந்துகொண்டு உள்ளே வயர் தெரிந்தது. கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். கழன்ற மரை உள்ளே உருளுகிறது.

சர்வீஸ் சென்டரில் மேல்மூடி, ஃபிரேம், அடிப்பாகம் எல்லாம் மாற்ற வேண்டும், 9,500 ஆகும் என்றார்கள். வாரண்டி முடிந்திருந்தது. வாரண்டி இருந்திருந்தாலும் அதில் "பிசிக்கல் டேமேஜ்" சேராதாம். மூடியைத் திறப்பதே டேமேஜ் என்றால் மூடி எதற்கு வைத்தார்கள் என்று கேட்டேன். அந்தப் பையன் டோக்கன் நம்பரை அடுத்தவருக்கு மாற்றிவிட்டான்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த அண்ணன் மரையைப் பழைய இடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் ஆப்ப சோடாவைத் தூவி, அதன்மேல் ஃபெவிக்விக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டார். லேசாகப் புகைந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தால் கல். 300 ரூபாய். "தம்பி, நடுவுல பிடிச்சுத் திறங்க. ஓரத்துல பிடிச்சீங்கன்னா மறுபடியும் இங்கதான் வருவீங்க" என்றார். ஏழு மாதம் தாங்கியது.

2019 ஏப்ரலில் ப்ராஜெக்ட் வைவாவுக்கு (நேரில் கேள்வி கேட்கிற தேர்வு) இரண்டு நாள் முன்னால் மறுபடியும் டக். இந்தத் தடவை டிஸ்ப்ளே கேபிளையும் அறுத்துக்கொண்டது. திரை முழுக்க வெள்ளைக் கோடு.

அன்று கை கொடுத்தது ரேஷன் லேப்டாப்தான். முந்தின வருஷம் அக்கா, "வீட்ல சும்மாதானடா கெடக்கு, நீயே வச்சுக்க" என்று கொடுத்துவிட்டிருந்தாள். பின்னால் ஸ்க்ரூவைக் கழற்றினால் ரேமும் டிஸ்க்கும் கைக்கு வந்துவிடும். 4 ஜிபி ரேமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்) சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. லுபுண்டு என்ற லேசான லினக்ஸைப் போட்டேன். அரை நிமிஷத்தில் எழுந்து நின்றது, ஏழு வருஷக் கிழடு.

எங்கள் ப்ராஜெக்ட், நெல் இலையின் போட்டோவைப் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற மெஷின் லேர்னிங். (அந்த வருஷம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு இலை.) அதற்குத்தான் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்பார்கள். என் கார்டின் 2 ஜிபி அதற்குப் பத்தவில்லை, மெமரி போதாது என்று பாதியில் நின்றுவிடும். கடைசியில் மொத்தத்தையும் கூகுள் கோலாபில் ஓட்டினோம். பிரவுசரைத் திறந்தால் போதும், கூகுளின் கிராஃபிக்ஸ் கார்டு இலவசமாகக் கிடைக்கும். ஆக, எந்த ஒரு வேலைக்கு வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேனோ, அந்த வேலை அக்காவின் லேப்டாப்பில் நடந்தது.

தேர்தல் நேரம் அது, 18-ந் தேதி ஓட்டு. "மாப்ள, மூடியில பேப்பர் ஒட்டிட்டுப் போ, பறக்கும் படை பிடிச்சிரப் போறான்" என்று கூட்டாளி சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், மூடியைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதா?" என்றார். "ஓடுது சார்." "என் பொண்ணுக்கும் குடுத்தாங்க, அவளும் இதையேதான் வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு, ப்ராஜெக்டைப் பற்றி இரண்டே கேள்வி கேட்டார்.

சரி, உங்கள் தம்பிக்கு. முதலில், அவனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பணத்தை ரேமில் போடுங்கள். 16 ஜிபி. மூன்றாம் வருஷம் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ (போன் ஆப் செய்கிற சாஃப்ட்வேர்) வந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். இப்போது 8 ஜிபிதான் முடியும் என்றால் காலி ஸ்லாட் (கூடுதல் ரேம் செருகுகிற இடம்) இருக்கிறதா, இல்லை ரேம் போர்டோடு சோல்டர் செய்ததா (ஈயம் வைத்துப் பற்றவைத்ததா) என்று கேட்டே ஆக வேண்டும். ஸ்லாட் இல்லாத சோல்டர் என்றால் நாலு வருஷமும் அந்த 8 ஜிபிதான். கடைக்காரர் "அதெல்லாம் போட்டுக்கலாம் மேடம்" என்பார். நம்பாதீர்கள், மாடல் நம்பரை வைத்து நீங்களே பாருங்கள்.

பிராசசர் விஷயத்தில் இன்றைக்கும் என்னை ஏமாற்றிய அதே வித்தை நடக்கிறது. இன்டெல் ஐ5 1235யூ-வில் 10 கோர் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அதில் பெரிய கோர் இரண்டுதான், மீதி எட்டும் சின்னது. 8 கோர் என்று அடக்கமாகப் போட்டிருக்கிற 12450எச்-ல் பெரியது நாலு. ஏஎம்டி கம்பெனியின் ரைசனில் இன்னும் மோசம். ரைசன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்றுதானே தோன்றும்? அந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 2 என்றால் உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3. ஒரே ஒரு எண் வித்தியாசம்.

புதுசுதான் வேண்டும் என்றில்லை என்றால் ஐடி கம்பெனிகள் கழித்துவிடுகிற லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் வகை லேப்டாப்புகளைப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஹிஞ்ச் மட்டும் யானை. சித்தப்பா பையனுக்கு திங்க்பேட் டி480 ஒன்றை 22 ஆயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தேன், அதில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, ஏழாவது தலைமுறையை விண்டோஸ் 11 அநேகமாக ஏற்காது. பேட்டரி மட்டும் புதுசு போட வேண்டியிருக்கும்.

ஆர்க்கிடெக்சர், அனிமேஷன் படிக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்களுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்தான். மெக்கானிக்கல் பிள்ளைகள் மேக் வாங்க ஆசைப்பட்டால், சாலிட்வொர்க்ஸ் (இயந்திர பாகங்களை வரைகிற சாஃப்ட்வேர்) விண்டோஸில் மட்டும்தான் என்பதை மறக்க வேண்டாம். கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்குத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுத்தாலும் உங்கள் தம்பி ப்ரோக்ராமைக் கையால்தான் எழுதப்போகிறான். டைப் அடித்து, ஓட்டிப் பார்த்து, அப்சர்வேஷன் நோட்டில் ஒரு தடவை எழுதி, கையெழுத்து வாங்கி, மறுபடியும் ரெக்கார்டு நோட்டில் நீல மையில் எழுத வேண்டும். கோடில்லாத இடது பக்கத்தில் அவுட்புட் பிரிண்டை வெட்டி ஒட்ட வேண்டும். எங்கள் லேப் மேடம், நெளிவு பிராக்கெட் வளையவில்லை என்று என் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தார். ப்ரோக்ராம் சரியா என்று பார்க்கவே இல்லை. கல்லூரி வாசலில் தினமும் லேப்டாப்பின் சீரியல் நம்பரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போனோம், உள்ளே போனால் வகுப்பில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது. என் மெஷின் சார்ஜர் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் தாங்கும். சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ. இரண்டாம் வருஷத்திலிருந்து அதை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

வளையலுக்கு அப்பா வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போய் மூன்றாம் மாதம் மீட்டேன். அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, கை மெலிந்துபோச்சு, கழன்று விழுது என்று பீரோவில் வைத்துவிட்டாள்.

உங்கள் தம்பி எந்த மாடலைக் கேட்கிறான் என்று முழு நம்பரோடு கீழே போடுங்கள். ரைசனாக இருந்தால் அந்த மூன்றாவது எண்ணை விட்டுவிடாமல் எழுதுங்கள்.