ஈட்டியா, வால்நட்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கல்லூரி நாள்களிலிருந்து கிட்டார் வாசித்து வருகிறேன். இப்போது பணி நிமித்தம் மான்செஸ்டரில் இருக்கிறேன். இதுவரை என்னிடம் இருந்தவை எல்லாம் ஆலைகளில் தயாரானவை. இம்முறை கையால் செய்த கிட்டார் ஒன்றை வாங்கலாம் என்று எண்ணி, ஒருவர் தம் உதவியாளருடன் நடத்திவரும் சிறிய பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். அங்கே இரண்டு கிட்டார்கள் விற்பனைக்கு இருந்தன. இரண்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. இரண்டுக்கும் மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். ஒன்றுக்குப் பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம், மற்றதற்கு வால்நட். அன்று ஈட்டி மரக் கிட்டாரை விட்டு எழுந்துவர மனம் வரவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி போனபோது வால்நட்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஈட்டிக்கு விலையும் கூடுதல். நான் கேட்ட வேறுபாடு மெய்யானதா, அல்லது மரத்தின் அழகும் விலையும் சேர்ந்து என் காதை மயக்கினவா? ஒரே கைவினைஞரின் இரு கிட்டார்களை எப்படி ஒப்பிடுவது? இந்த விலைக்கு நல்ல ஆலைக் கிட்டார்கள் இரண்டு வாங்கலாமே என்கிறார் நண்பர். ஆண்டுக்கு ஒருமுறை நாகர்கோவிலுக்குக் கொண்டுவரும் எண்ணமும் உண்டு. அதில் சிக்கல் ஏதும் வருமா?

அன்புடன்,
கா., மான்செஸ்டர்

அன்புள்ள கா.,

உங்கள் முதல் கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; அதுவும் நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில். கம்பிரியாவின் பென்ரித் நகரில் ஃபைல்ட் என்ற பெயரில் சிறிய பட்டறை நடத்துபவர் ரோஜர் பக்னல். 1973-இல் அவர் தொடங்கிய பட்டறை அது. ஓபரான், ஃபால்ஸ்டாஃப், ஆர்சினோ என்று ஷேக்ஸ்பியரின் நாடக மாந்தர் பெயர்களைத் தம் கிட்டார்களுக்குச் சூட்டியிருப்பவர். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வுக்காக அவர் ஆறு கிட்டார்களைச் செய்தார். ஆறுக்கும் ஒரே வடிவமைப்பு; மேல்பலகையும் ஒரே இன ஸ்ப்ரூஸ். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் எனப்படும் நம் ஈட்டி, மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களை மங்கிய வெளிச்சமுள்ள அறையில் அமர்த்தி, வெல்டிங் செய்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் வாசித்து மதிப்பிடச் சொன்னார்கள். 2018-இல் வெளியான முடிவு தெளிவானது. ஆறுக்கும் கிடைத்த மதிப்பீடுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காதால் மட்டும் பிரித்தறிவதும் அவர்களுக்குக் கடினமாகவே இருந்தது. அந்த ஆறு மரங்களின் விலைக்கிடையே இருக்கும் இடைவெளியோ மிகப் பெரியது.

இதைப் படித்ததும் நீங்கள் பட்டறையில் கேட்டது வெறும் மயக்கம் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்த ஆறு கிட்டார்களும் பின்பலகை ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டவை. உங்கள் முன் இருந்த இரண்டும் அப்படிச் செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்கிடையே நீங்கள் உணர்ந்த வேறுபாடு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை ஈட்டியின் கணக்கிலோ வால்நட்டின் கணக்கிலோ எழுதுவதுதான் பொருந்தாது. அது பெரும்பாலும் மேல்பலகையிலிருந்து வருகிறது. அந்தப் பலகையை எங்கே இழைத்து எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்த கையிலிருந்து வருகிறது.

ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டினார். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் அவர். 1862-இல் அவர் செய்த ஒரு கிட்டாருக்குப் பின்பலகையும் பக்கங்களும் காகிதக் கூழ் அட்டையால் ஆனவை. மேல்பலகை மட்டுமே நல்ல ஸ்ப்ரூஸ். ஒலியின் உயிர் மேல்பலகையில்தான் இருக்கிறது என்ற தம் கருத்தை அவர் நிறுவிய விதம் அது. அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரும்புத் தந்தி பூட்டிய கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ விசையுடன் இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்கும் மேல்பலகையோ மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. பலகையின் கனத்தில் பத்தில் ஒரு பங்கை இழைத்து எடுத்தால் அதன் விறைப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்குவதே காரணம். ஒரே மரத்திலிருந்து அறுத்த இரு ஸ்ப்ரூஸ் பலகைகள்கூட எடையிலும் விறைப்பிலும் ஒத்திருப்பதில்லை. ஆகவே தேர்ந்த கைவினைஞர் அளவுகோலோடு நிறுத்திக்கொள்வதில்லை. பலகையின் ஓரிடத்தை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துக் காதருகே தொங்கவிட்டு, மறுகையின் விரல்முட்டியால் நடுவில் தட்டி, எழும் ஒலியின் சுருதியையும் அது அடங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கேட்கிறார். பிறகு இரு ஓரங்களையும் பிடித்து நார் ஓடும் திசையில் ஒருமுறையும் அதற்குக் குறுக்கே ஒருமுறையும் வளைத்துப் பார்க்கிறார். இழைப்புளியை ஓட்டி, சுருள் சுருளாக விழும் சீவலை ஒதுக்கிவிட்டு, மறுபடி தட்டுகிறார். உட்புறத்தில் பெருக்கல் குறி வடிவில் ஒட்டிய தாங்குகட்டைகளையும் இதே போல் உளியால் சீவிச் சீவிக் கேட்கிறார். வர்ஜீனியாவின் ரக்பி என்ற சிற்றூரில் தபால்காரராகப் பணியாற்றிக்கொண்டே கிட்டார் செய்து புகழ்பெற்ற வேய்ன் ஹெண்டர்சன், இத்தகைய செதுக்கு வேலையைப் பேனாக்கத்தியால் செய்வதற்குப் பெயர்பெற்றவர். எந்தக் கருவி என்பது பெரிதில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிவதே தொழில். ஒரு சீவல் கூடிவிட்டால் சில ஆண்டுகளில் பலகை, தந்திகளைப் பிணைத்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டைக்குப் பின்னால் புடைத்துக்கொள்ளும். ஒரு சீவல் குறைந்துவிட்டால் ஒலி பலகைக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

உங்கள் நண்பரின் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஆலையில் மேல்பலகைகள் பெரும்பாலும் ஒரே கனத்துக்கு இழைக்கப்படுகின்றன. அந்தக் கனம், வரும் பலகைகளில் மிகவும் இளக்கமானதும் தாங்கும் வகையில் சற்றுத் தாராளமாகவே வைக்கப்படுகிறது. விற்ற பிறகு உத்தரவாதத்தின் பேரில் திரும்பி வருவதை எந்த ஆலையும் விரும்பாது அல்லவா? இன்றைய ஆலைக் கிட்டார்கள் மிக நல்லவை, சுருதி பிசகாதவை. இரண்டு வாங்கினாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஆனால் மெல்லிய தீண்டலுக்கும் முழுதாகப் பதில் சொல்லும் கிட்டாரை நீங்கள் தேடினால், ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக முடிவெடுக்கும் ஒருவரிடம்தான் அது கிடைப்பதற்கான வாய்ப்பு அதிகம். அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். அது தகுதியான விலை என்பதே என் உறுதியான எண்ணம்.

இனி ஒப்பிடும் முறை. நீங்கள் சென்ற இரு நாள்களிலும் தந்திகள் ஒரே வயதில் இருந்தனவா என்று கேட்டுப் பாருங்கள். பழைய தந்தி பூட்டிய கிட்டாரும் அன்று காலை புதுத்தந்தி மாற்றிய கிட்டாரும் ஒப்பீட்டுக்கே உரியவை அல்ல. நீங்கள் மனம் மாறியதற்குத் தந்தியே காரணமாக இருந்திருக்கலாம். ஒரே வகை, ஒரே தடிமன் தந்திகளை இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பூட்டச் சொல்லுங்கள். சிறிய பட்டறைக்காரர்கள் இதை மனமுவந்து செய்வார்கள். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் பன்னிரண்டாவதன் மேல் தந்தியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலே விரல் சுகமாக ஓடும். விரலின் சுகத்தை மனம் ஒலியின் இனிமையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதேபோல், சற்று உரத்து ஒலிப்பதையே காது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் மிக மெதுவாக வாசியுங்கள். உரக்க மீட்டும்போது பெரும்பாலான கிட்டார்கள் நன்றாகவே இருக்கும். விரல்நுனியால் தொட்டும் தொடாமலும் மீட்டும்போது, அடித்தந்தியின் ஒலி உருக்குலையாமல் வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. பிறகு ஒரு தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி, ஒவ்வொரு சுரத்தின் கார்வையையும் கேளுங்கள். மேல்பலகைக்கென்று ஓர் இயற்கை அதிர்வு உண்டு. பெரும்பாலான கிட்டார்களில் அது 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் அமைகிறது. திறந்த மூன்றாம் தந்தியின் சுரம் 196 ஹெர்ட்ஸ். இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டால், அந்த ஒரு சுரம் மட்டும் திடுமெனப் பெருத்து உடனே அவிந்துவிடும். இலேசாகச் செய்த நல்ல கிட்டார்களில்தான் இந்தக் குறை எட்டிப் பார்க்கும். தேர்ந்த கைவினைஞர் அந்த அதிர்வை இரு சுரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்த முயல்வார். பின்பலகை எந்த மரம் என்று கேட்பதைவிட, உங்கள் இரண்டில் எது இந்தச் சோதனையில் தேறுகிறது என்று பார்ப்பது எவ்வளவோ பயனுள்ளது.

பட்டறைக்காரரையோ உடன்வரும் நண்பரையோ வாசிக்கச் சொல்லி, நான்கடி தள்ளி எதிரே அமர்ந்தும் கேளுங்கள். வாசிப்பவர் கிட்டாருக்குப் பின்னால் இருப்பவர். கேட்பவருக்குப் போய்ச் சேரும் ஒலியை அவர் முழுதாகக் கேட்பதே இல்லை. முடிந்தால் அப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு காகிதத்தில் மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஒரு கைவினைஞரின் இரு கிட்டார்களை அருகருகே வைத்து வாசிப்பதன் இன்பம் எது உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பதில் இல்லை. இரண்டிலும் மாறாமல் வரும் ஒன்று இருக்கும்: கழுத்து உள்ளங்கையில் அமையும் விதம், கீழ்த்தந்திகளின் தெளிவு, சுரம் எழும் வேகம். அது செய்தவரின் கையெழுத்து. அதை அறிந்துகொண்டால்தான், நாளை அவரிடமே சொல்லிச் செய்துகொள்ள விரும்பினாலும் எதைக் கேட்பது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டிலும் மாறிவரும் ஒன்றும் இருக்கும். அது நீங்கள் வாசிப்பதையே மாற்றும். ஒன்று உங்களை மெட்டை நிதானமாக நீட்டி வாசிக்க வைக்கும். மற்றது தாளத்தை இறுக்கிப் பிடிக்க வைக்கும். இரு நாள்களில் இரண்டு உங்களைப் பிடித்துக்கொண்டது குழப்பமே அல்ல. அன்றன்று நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்பதை நினைவுகூர்ந்து பாருங்கள். நீங்கள் அன்றாடம் வீட்டில் வாசிப்பது அவற்றுள் எதுவோ, அதற்கு இசைந்த கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈட்டிக்கான கூடுதல் விலை மரத்துக்கான விலை; ஒலிக்கான விலை அல்ல. ஊதா கலந்த கருஞ்சிவப்பு வரிகள் ஓடும் அந்த மரம் அழகானது. அழகுக்காக அதை வாங்குவதில் தவறே இல்லை. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமும்கூட. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் ஈட்டிக்கு மாறியது; மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். மெதுவாக வளரும் இம்மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டும் சமமாகப் பிடித்திருந்தால் நான் வால்நட்டையே எடுப்பேன். மலைச்சரிவில் ஈட்டி மரம் நிற்பதைப் பார்த்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு மனநிறைவு உண்டு.

நாகர்கோவில் பயணத்துக்குச் சட்டச் சிக்கல் இல்லை. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கும் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. கவலைப்பட வேண்டியது ஈரப்பதத்தைப் பற்றித்தான். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு. மான்செஸ்டரில் குளிர்காலத்து ஹீட்டர் அதற்குக் கீழே உலர்த்தி மேல்பலகையில் விரிசல் விழச் செய்யும்; நாகர்கோவிலின் கடற்காற்று அதற்கு மேலே கொண்டுபோய்ப் பலகையை உப்ப வைத்துத் தந்திகளை உயர்த்திவிடும். கெட்டியான பெட்டியும், அதற்குள் ஈரப்பதமானியும், ஈரத்தைச் சமன்செய்யும் பொட்டலங்களும் வேண்டும். எந்தக் கிட்டாரை எடுத்தாலும், பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டைச் சற்று உயரம் குறைத்து இன்னொன்றும் செய்து தரும்படி பட்டறைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் தந்தி உயர்ந்துவிட்டால், தந்திகளைத் தளர்த்தி அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்.